முதல் மரவேலைக்குப் புத்தக அலமாரி: அரைப் பலகையில் செய்து முடிக்கும் வழி

வீட்டு மரவேலையில் இறங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் போவது கருவிக் கடைக்கு. டிரில், கட்டர், இழைப்புளி, விதவிதமான உளிகள் என்று பெட்டி நிறைந்துவிடும். என்ன செய்யப் போகிறோம் என்பது அதன் பிறகுதான் யோசனைக்கு வரும். இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் தாளும் பென்சிலும், அடுத்து பலகை, கடைசியில் கருவி. புதியவர் கையில் வேலை கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் கருவி இல்லாமை அல்ல. அளவு தாளிலேயே தீராமல் இருப்பதுதான்.

முதல் பொருளாகச் சிறிய புத்தக அலமாரி ஒன்றைச் சொல்வேன். பலர் முக்காலியில் தொடங்குகிறார்கள், அளவில் சிறியது என்பதால். ஆனால் முக்காலியின் கால்கள் சாய்ந்து நிற்பவை. சாய்வுக்கு ஏற்ப ஒவ்வொரு துளையும் கோணம் மாறும். மேலே ஆள் உட்காருவதால் இணைப்பு சற்றுத் தளர்ந்தாலும் ஆடும். புத்தக அலமாரியிலோ எல்லாத் துண்டும் செவ்வகம், எல்லா மூலையும் நேர்க்கோணம், ஒரே வகை இணைப்பு. இழைப்புளியும் உளியும் தேவையே இல்லை.

தாளில் முடிக்க வேண்டியவை

நான் சொல்லும் அலமாரி 1000 மி.மீ. உயரம், ஏறக்குறைய 600 அகலம், 250 ஆழம். அடிக் கணக்கில் மூன்றேகால் அடி உயரம், இரண்டடி அகலம், பத்து அங்குல ஆழம். பட்டறைகளில் அங்குலமும் நூலும்தான் பேச்சு, ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். ஆனால் நீங்கள் மில்லிமீட்டரிலேயே எழுதுங்கள். அங்குலத்தில் பின்னங்களைக் கூட்டிக் கழிக்கும்போது வரும் பிழை மில்லிமீட்டரில் வராது. கடைக்காரரிடம் மட்டும் அவர் கணக்கில் பேசிக்கொள்ளலாம்.

18 மி.மீ. பிளைவுட்டில் தேவையான துண்டுகள்:

பக்கப் பலகை, 1000 × 250, இரண்டு
தட்டு, 564 × 250, நான்கு (மேல்மூடியும் அடித்தட்டும் சேர்த்து)
சட்டம், 564 × 80, இரண்டு (அடித்தட்டுக்குக் கீழே முன்புறம் ஒன்று, மேல்மூடிக்குக் கீழே பின்புறம் ஒன்று)

இவை தவிர, 6 மி.மீ. பிளைவுட்டில் முதுகுப் பலகை ஒன்று. அதன் அளவை இப்போது எழுத வேண்டாம். காரணம் பின்னால் வரும்.

பிளைவுட் பலகையின் வழக்கமான அளவு 8 × 4 அடி, அதாவது 2440 × 1220 மி.மீ. அதை நீளவாக்கில் பாதியாக்கினால் கிடைக்கும் 2440 × 610 துண்டே நமக்குப் போதும். 250 அகலத்தில் இரண்டு நீளப் பட்டைகள் எடுங்கள். முதல் பட்டையில் பக்கப் பலகை இரண்டும் அடங்கும். இரண்டாவதில் நான்கு தட்டுகள், 2256 மி.மீ. ரம்பம் ஒவ்வொரு வெட்டிலும் ஏறக்குறைய 3 மி.மீ. பலகையைத் தூளாக்கிவிடும். அதையும் கூட்டிப் பார்த்தாலும் இடம் மிஞ்சுகிறது. ஓரத்தில் எஞ்சும் நூறு மி.மீ. பட்டையில் சட்டங்கள் இரண்டும் வந்துவிடும். இந்த வெட்டுப் படத்தை அளவுகளோடு தாளில் வரைந்து கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

பட்டைகளை நீளவாக்கில் எடுக்கச் சொல்வதற்குப் பலகையைச் சிக்கனப்படுத்துவது மட்டும் காரணம் அல்ல. பிளைவுட்டின் மேல் ஏட்டில் மரரேகை பொதுவாக எட்டடி வாக்கில் ஓடும். தட்டின் நீளமும் ரேகையின் திசையும் ஒன்றாக இருந்தால் தட்டு குறைவாக வளையும்.

அகலத்தை ஏன் இரண்டடியோடு நிறுத்த வேண்டும்? நெருக்கி அடுக்கிய புத்தகங்கள் ஓர் அடிக்கு 8 முதல் 10 கிலோ வரை கனக்கும். தட்டின் நீளத்தை இருமடங்காக்கி அதையும் புத்தகத்தால் நிரப்பினால் நடுவில் விழும் தொய்வு இருமடங்காகாது, பதினாறு மடங்காகும். பலகையின் தடிமனைக் குறைத்தாலும் இதே கதைதான். 18 மி.மீ. தட்டு தாங்கும் சுமையை 12 மி.மீ. தட்டில் வைத்தால் மூன்று மடங்குக்கும் மேல் தொய்யும். நான்கடி அகலத்தில் நடுத்தாங்கல் இல்லாமல் செய்த அலமாரிகள் ஓராண்டில் வில்லாக வளைந்து நிற்பது இதனால்தான். அகலமாக வேண்டுமென்றால் இரண்டடி அலமாரிகள் இரண்டை அருகருகே நிறுத்துங்கள்.

பலகை வாங்கும்போது

தேக்கு, வேம்பு, பூவரசு என்று முழு மரத்தில் செய்ய ஆசை வரும். முதல் வேலைக்கு வேண்டாம். மரவாடியில் கன அடிக் கணக்கில் வாங்கும் மரம் நன்றாகக் காய்ந்ததா, பச்சையா என்று கண்டுபிடிக்கவே அனுபவம் வேண்டும். பச்சை மரத்தில் செய்த தட்டு வெயில் காலத்தில் முறுக்கிக்கொள்ளும். காய்ந்த மரமும் மழைக்காலத்தில் அகலவாக்கில் சற்று உப்பும், கோடையில் சுருங்கும். அதற்கு இடம் விட்டு இணைக்கும் வித்தை ஆசாரிகளுடையது, பொறுமையாகப் பிறகு கற்கலாம். பிளைவுட்டில் ஏடுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

பிளைவுட்டிலும் தரம் பார்க்க வேண்டும். கடையில் 'கமர்ஷியல்' என்று கேட்டால் தருவது எம்.ஆர். வகை, அதாவது ஓரளவு ஈரக்காற்றைத் தாங்குவது. ஈரம் படாத அறைக்கு அது போதும். சமையலறை, பால்கனி போன்ற இடங்களுக்கு பி.டபிள்யூ.ஆர். வகை, அதாவது கொதிநீரையும் தாங்கும் ஒட்டு உள்ளது. இந்த இரண்டுக்கும் உரிய இந்தியத் தர எண் ஐ.எஸ். 303. 'மரைன்' என்று விற்பதில் ஐ.எஸ். 710 என்ற எண் இருக்க வேண்டும். புத்தக அலமாரிக்கு மரைன் வீண் செலவு. ஆனால் ஓதம் ஏறும் சுவருள்ள பழைய வீடு என்றால் பி.டபிள்யூ.ஆர். வாங்கிவிடுவது நல்லது.

ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்த பிறகும் பலகையின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். ஏடுகளுக்கு நடுவே பொந்துகள் தெரிந்தால் வேறு பலகை கேளுங்கள். நாம் திருகாணி இறக்கப் போவது அந்த விளிம்பில்தான். ஒரு முனையில் கண்ணை வைத்து நீளவாக்கில் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். விரல் முட்டியால் ஆங்காங்கே தட்டிப் பாருங்கள், ஓசை ஓரிடத்தில் மட்டும் வெற்றாகக் கேட்டால் உள்ளே ஒட்டு விட்டிருக்கலாம். விலை மலிவு என்று பார்ட்டிகிள் போர்டைக் கடைக்காரர் காட்டினால் மறுத்துவிடுங்கள். அதன் விளிம்பில் திருகாணி நிற்காது, ஒரு முறை தண்ணீர் பட்டால் உப்பி உதிரும்.

பிளைவுட் சதுர அடிக் கணக்கில் விற்கும். சில கடைகளில் பாதிப் பலகை தருவார்கள். முழுப் பலகையாகத்தான் தருவோம் என்றால் கவலை வேண்டாம், மறுபாதியில் இதே அலமாரி இன்னொன்று வரும். 6 மி.மீ. பலகைக்கு மட்டும் வெட்டி எஞ்சிய துண்டுகளில் தேடச் சொல்லுங்கள். 1000 × 620 அளவுக்குக் கிடைத்தால் போதும்.

வெட்டுவது யார்?

கடையிலேயே வெட்டி வாங்குங்கள். பெரிய பிளைவுட் கடைகள் பலவற்றில் மேசை ரம்பம் இருக்கிறது. இல்லாவிட்டால் அருகிலிருக்கும் பட்டறையைக் காட்டுவார்கள். எட்டடி நீளத்துக்குக் கோடு பிசகாமல் கையால் அறுப்பது புதியவரால் ஆகாத காரியம். அதில் பெருமை தேடவும் ஒன்றுமில்லை.

வெட்டுபவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: ஒரே நீளமுள்ள துண்டுகளை எல்லாம் இயந்திரத்தின் வைப்பை மாற்றாமல் அடுத்தடுத்து வெட்டித் தர வேண்டும். 564 என்பது 562 ஆகிவிட்டால் ஒன்றும் குடி முழுகாது, தட்டு நான்கும் சட்டம் இரண்டும் ஆக ஆறு துண்டுகளும் 562 ஆகவே இருக்கும்வரை. ஒன்று 564, இன்னொன்று 561 என்று வந்தால்தான் அலமாரி நடுவில் இடுப்பு ஒடுங்கி நிற்கும். அங்கேயே ஆறையும் நிறுத்தி வைத்து, தலைகள் மட்டமாக இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வீட்டில் ஒரு துண்டைக் கையால் அறுக்க நேர்ந்தால், கோட்டின் மேல் கத்தியால் முதலில் ஆழமாகக் கீறிக்கொள்ளுங்கள். மேல் ஏடு சிம்பு சிம்பாகப் பிய்வதை அது தடுக்கும். நல்ல முகம் மேலே இருக்கட்டும். ரம்பத்தை முதலில் நம் பக்கம் இரண்டு மூன்று முறை இழுத்துத் தடம் உண்டாக்கிய பிறகே தள்ளி அறுக்க வேண்டும். கோட்டின் மேலேயே அறுக்காமல், வேண்டாத பக்கத்தில் அறுங்கள். கோடு துண்டில் மிஞ்சட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கல் அறுக்கும் மார்பிள் கட்டரில் மர பிளேடை மாட்டி, பாதுகாப்பு மூடியையும் கழற்றிவிட்டு, ஒரு கையால் பிடித்தபடி பலகை அறுப்பதை நம் ஊர்க் கட்டட வேலைகளில் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம். கைதேர்ந்தவர்களும் அதில் விரலை இழந்திருக்கிறார்கள். பலகை பிளேடை நெரித்துப் பிடித்தால் இயந்திரம் கையை மீறிப் பின்னால் எகிறும். அதைக் கண்ணால் பார்த்துப் பழகியதால் செய்துவிடலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள்.

வாங்க வேண்டிய கருவிகளின் பட்டியல் இதற்குள் சுருங்கியிருக்கும்: டேப், மூலைமட்டம், ரசமட்டம், சுத்தியல், உப்புத்தாள், டிரில் ஒன்று. டிரில்லில் சுத்தியல் இயக்கம் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் கடைசியில் சுவருக்கும் அதுவே உதவும். கிளாம்ப் இரண்டு கிடைத்தால் உதவியாளர் ஒருவர் மிச்சம். தூசுக்கு முகக்கவசமும் கண்ணுக்குக் கண்ணாடியும் பட்டியலில் இருந்தே ஆக வேண்டும். டிரில் ஓடும்போது துப்பட்டா, தோள் துண்டு, தொங்கும் கைப்பகுதி எதுவும் வேண்டாம். பிட் மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

கோடு போடுதல்

பக்கப் பலகைகள் இரண்டையும் தரையில் அருகருகே படுக்க வைத்து, கீழ்முனைகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். உள்முகம் இரண்டும் மேலே பார்த்திருக்கட்டும். இப்போது மூலைமட்டத்தை வைத்து இரண்டு பலகைக்கும் சேர்த்து ஒரே கோடாக இழுக்க வேண்டும். தனித்தனியாக அளந்தால் தட்டுகள் சாயும்.

கீழிருந்து அளவு: அடித்தட்டின் கீழ்முகம் 80-இல். அதன் மேல்முகத்திலிருந்து 310 இடைவெளி விட்டு அடுத்த தட்டு, அதாவது 408-இல். ஏ4 அளவுள்ள இதழ்களும் கோப்புகளும் இந்தக் கீழ்த்தட்டில் நிற்கும். பிறகு 269 இடைவெளி விட்டு 695-இல் மூன்றாவது தட்டு. டெமி அளவுப் புத்தகத்தின் உயரம் 216 மி.மீ., விரல் விட்டு எடுக்க மேலே இடம் மிஞ்சும். மேல்மூடி உச்சியோடு மட்டமாக உட்காரும். 18 மி.மீ. என்று விற்கும் பலகை உண்மையில் அரை மி.மீ. குறைவாக இருப்பதுண்டு. ஆகவே தட்டின் கனத்தை டேப்பால் அளக்காமல், ஒரு துண்டையே கோட்டில் நிறுத்தி மறுபக்கம் பென்சிலால் கீறிக்கொள்ளுங்கள்.

துளையும் திருகாணியும்

இரு கோடுகளுக்கும் நடுவே, ஒவ்வோர் இணைப்புக்கும் மூன்று துளைகள்: விளிம்பிலிருந்து 30 மி.மீ. தள்ளி ஒன்று, நடுவில் ஒன்று, மறு விளிம்பிலிருந்து 30 தள்ளி ஒன்று. பக்கப் பலகையில் 4.5 மி.மீ. பிட்டால் முழுதும் துளையுங்கள். துளையின் அடியில் வேண்டாத மரத்துண்டு ஒன்றை வைத்தால் மறுமுகம் பிய்யாது.

எட்டாம் எண், இரண்டு அங்குலத் திருகாணி சரியாக இருக்கும். கடையில் எடுத்துக் கொடுக்கும் மெல்லிய கறுப்புத் திருகாணி ஜிப்சம் பலகைக்கானது. அது எளிதில் தலை முறியும், சுமைக்கு ஏற்றதல்ல.

இனி ஒரு பக்கப் பலகையைச் சுவரோரம் செங்குத்தாக, முன்விளிம்பு தரையில் படும்படி நிறுத்தி, தட்டு ஒன்றைக் கோட்டுக்குள் வைத்துப் பிடியுங்கள். பக்கப் பலகைத் துளை வழியாக 3 மி.மீ. பிட்டைச் செலுத்தித் தட்டின் தலையில் வழித்துளை போடுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேரடியாகத் திருகினால் ஏடுகள் பிளந்து விளிம்பு வீங்கும். அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போக நினைக்கும் படி இதுதான்.

முதலில் கோந்து இல்லாமல் எல்லாவற்றையும் ஒரு முறை பூட்டிப் பாருங்கள். பொருந்தினால் கழற்றி, தட்டுத் தலைகளில் வெள்ளை மரக்கோந்தை மெல்லியதாகத் தடவி மறுபடி பூட்டுங்கள். ஒரு பக்கப் பலகையில் ஆறு துண்டுகளையும் முடித்த பிறகே மறுபக்கம். முன்சட்டம் அடித்தட்டுக்குக் கீழே, முன்விளிம்பிலிருந்து 40 மி.மீ. உள்ளே தள்ளி இருந்தால் நிற்பவரின் கால் விரல் இடிக்காது. பின்சட்டம் மேல்மூடிக்கு அடியில், பின்விளிம்போடு மட்டமாக. சட்டங்களுக்கு முனைக்கு இரண்டு திருகாணி போதும். பிதுங்கும் கோந்தை அப்போதே ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த கோந்தின் மேல் வார்னிஷ் பிடிக்காமல் வெளுப்புத் திட்டாகத் தெரியும்.

கோந்து இறுகும் முன் கோணம் பார்க்க வேண்டும். டேப்பால் மூலைக்கு மூலை குறுக்காக இரு வாக்கிலும் அளங்கள். 1000 × 600 என்றால் குறுக்களவு சுமார் 1166 வரும், ஆனால் எண் முக்கியமல்ல. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்று நீளமாக இருந்தால் அந்த மூலைகளைப் பிடித்து மெதுவாக அமுக்குங்கள், சட்டகம் நகர்ந்து கொடுக்கும்.

இப்போது முதுகுப் பலகைக்கு நேரம். அலமாரியின் உண்மையான வெளி அகலத்தை அளந்து, அதே அளவுக்கு வெட்டுங்கள். 599 வந்தால் 599. உயரம் உச்சியிலிருந்து அடித்தட்டின் கீழ்முகம் வரை 920. தரையைத் தொட வேண்டாம், வீடு துடைக்கும் தண்ணீர் ஏறும். இந்தப் பலகையின் நான்கு மூலையும் நேர்க்கோணமாக இருப்பது அவசியம், ஏனென்றால் அலமாரியைக் கோணம் மாறாமல் நிறுத்தப் போவதே இதுதான். விளிம்பில் கோந்து தடவி, 100 மி.மீ.க்கு ஒன்றாக முக்கால் அங்குல ஆணி அடியுங்கள். தட்டுகளின் பின்விளிம்பிலும் சில ஆணிகள். முதுகு இல்லாமல் திறந்த அலமாரியாக விட்டால் அழகாகத்தான் இருக்கும், ஆறு மாதத்தில் பக்கவாட்டில் ஆடவும் தொடங்கும்.

ஒரு நாள் முழுதும் அசைக்காமல் விடுங்கள்.

தேய்ப்பும் பூச்சும்

திருகாணித் தலைகளின் குழிகளை மரப்பட்டியால் நிரப்பி, காய்ந்ததும் 120 எண் உப்புத்தாளில் தொடங்கி 220-இல் முடியுங்கள். எப்போதும் ரேகை வாக்கிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்த கீறல் பூச்சுக்குப் பிறகு பளிச்சென்று தெரியும். பிளைவுட்டின் மேல் ஏடு மிக மெல்லியது. ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தால் அடுத்த ஏடு எட்டிப் பார்க்கும்.

முன்விளிம்புகளில் ஏட்டுக் கோடுகள் தெரிவது பிடிக்காதவர்கள் மெல்லிய தேக்குப் பட்டையை (பீடிங்) கோந்தும் சிறு பின் ஆணியும் வைத்து ஒட்டலாம். எனக்கு அந்தக் கோடுகள் தெரிவதே பிடிக்கும். தெரிந்தால் என்ன, பிளைவுட் பிளைவுட்டாகவே இருக்கட்டும்.

புதியவருக்கு எளிது பெயின்ட்: மர பிரைமர் ஒரு கை, காய்ந்ததும் 220 தாளால் லேசான தேய்ப்பு, அதன்மேல் எனாமல் இரண்டு கை. மரநிறம் தெரிய வேண்டுமென்றால் தண்ணீரில் கரையும் பாலியூரித்தேன் தெளிவுப் பூச்சு, தூரிகையாலேயே அடிக்கலாம். எதை அடித்தாலும் பக்கப் பலகைகளின் அடிவிளிம்பை மறக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தில்தான் ஈரமும் கரையானும் நுழையும். அங்கே மட்டும் ஒரு கை கூடுதலாகக் கொடுத்து, காய்ந்ததும் பிளாஸ்டிக் குமிழ்க் கால்கள் அடித்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூச்சு வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். லாக்கர் வகைப் பூச்சுகள் ஈரக் காற்றில் பால் படிந்ததுபோல் வெளுத்துவிடும், எனாமலும் நாட்கணக்கில் பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் தடவுகிறவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது உள்ளுக்குள் சூடேறித் தானே தீப்பிடிக்கக்கூடியது. விரித்து வெளியில் உலர்த்திய பிறகே எறியுங்கள்.

சுவரில் பிணைத்தல்

மூன்று தட்டும் நிறைந்தால் ஐம்பது கிலோவுக்கு மேல் ஏறும். குழந்தை ஒன்று தட்டைப் பிடித்து ஏறினால் அலமாரி முன்னால் சாய்ந்துவிடும். பின்சட்டம் வைத்ததே இதற்காகத்தான்.

நம் வீடுகளில் சுவரின் அடியில் ஒட்டிய ஸ்கர்ட்டிங் டைல்ஸ் சுமார் 10 மி.மீ. முன்தள்ளி இருக்கும். அதனால் அலமாரியின் மேற்பகுதி சுவரைத் தொடாது. அந்த இடைவெளிக்குச் சமமான கனத்தில் மரத்துண்டு ஒன்றைப் பின்சட்டத்துக்கு நேரே பின்னால் வையுங்கள். இடைவெளி இருப்பதும் நல்லதுதான், காற்று ஓடும்.

சுவரில் துளைக்கும் முன் சுவிட்ச் பெட்டி எங்கிருக்கிறது என்று பாருங்கள். புதைத்த மின்கம்பிகள் வழக்கமாகப் பெட்டியிலிருந்து நேர் மேலாகவோ கீழாகவோ ஓடும், அந்த வரிசையைத் தவிருங்கள். குளியலறைக்கு மறுபக்கச் சுவர் என்றால் தண்ணீர்க் குழாயையும் யோசிக்க வேண்டும். 8 மி.மீ. சுவர் பிட்டால் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் 50 மி.மீ. வரை துளைத்து, நைலான் பிளக் செருகி, மூன்றரை அங்குலத் திருகாணியால் சட்டத்தின் வழியே இரண்டு இடத்தில் முடுக்குங்கள். காற்றுக்குமிழ் நிறைந்த இலேசான ஏ.ஏ.சி. கல் கட்டிய சுவரில் சாதாரண பிளக் பிடிக்காது, அந்தக் கல்லுக்கென்றே விற்கும் பிளக்கைக் கேட்டு வாங்க வேண்டும். முடுக்கும் முன் ரசமட்டத்தை மேல்மூடியில் வைத்து, சாய்ந்திருக்கும் பக்கத்துக் காலின் அடியில் மெல்லிய தகடு கொடுங்கள்.

பெயின்ட் வாசனை முழுதும் போன பிறகு புத்தகங்களை அடுக்கலாம், கனமானவை கீழே. முதல் மழைக்காலம் கழிந்ததும் சுவர்த் திருகாணிகளை ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். பின்புறச் சுவரில் கரையானின் மண்தடம் ஏதாவது ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கவும் அதுவே தக்க சமயம்.